அடுப்பும் சில்லும்: எரிபொருட் பங்கீட்டின் அறம் பற்றி

ஒரு பொருள் எல்லோருக்கும் போதியதாய் இருக்கும்வரை அதன் பங்கீட்டைப் பற்றி எவரும் அறம் பேசுவதில்லை. மாரியிலே கிணறு நிறைந்து நிற்கையில் எங்கள் ஊரில் நீர் அள்ளுவதற்கு முறை கிடையாது. சித்திரையில் வாளி சேற்றைத் தொடும்போதுதான் முறை வருகிறது. முறையோடு வழக்கும் வருகிறது. நீதி என்னும் எண்ணமே பற்றாக்குறையின் பிள்ளை என்று கூறினும் பொருந்தும்.

சென்ற தவணை எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த வாதமொன்று இவ்வெண்ணத்தை எனக்கு மீண்டும் நினைவூட்டிற்று. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் அதனைத் தொடங்கிவைத்தார். 2022ஆம் ஆண்டிற் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடு பட்ட பாடு போதும் என்றும், பஸ்களையும் முச்சக்கர வண்டிகளையும் புறொப்பேன் வாயுவில் ஓடவிடுவதே வழியென்றும் அவர் வாதித்தார். அது மலிவானது, புகை குறைந்தது, உலகின் பல நகரங்கள் செய்து காட்டியது என்பன அவர் கூறிய காரணங்கள். மூலையிலிருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்த மனையியல் ஆசிரியை தலையை நிமிர்த்தாமலே, “அப்ப சோறு எதில காய்ச்சிறது, சேர்?” என்று கேட்டார். அறை முழுவதும் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். வீடு திரும்பிய பின்னரே அக்கேள்வி சிரிப்பிற்குரியதன்று எனத் தோன்றியது.

நண்பர் கூறியவற்றுள் பொய் எதுவும் இல்லை. புறொப்பேன், இயற்கை வாயுவைத் தூய்மை செய்யும்போதும் மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் கிடைப்பது. சாதாரண வெப்பநிலையில் அது வாயு; ஓரளவு அமுக்கத்திற்கு உட்படுத்தினால் திரவமாகிவிடும். திரவமாகிவிடுவதால் அதனைத் தொட்டியில் அடைத்து வண்டியிலேற்றுவது எளிது. அமெரிக்காவின் சிக்காகோ நகரப் போக்குவரத்துச் சபை 1950ஆம் ஆண்டளவிலேயே நூற்றுக்கணக்கான புறொப்பேன் பஸ்களை வாங்கி ஓட்டத் தொடங்கியது. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் 1963 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நகர பஸ்கள் திரவ வாயுவில் ஓடின. பின்னர் அந்நகரம் டீசலுக்கே திரும்பியது. ஹொங்கொங்கின் டாக்சிகள் 2000ஆம் ஆண்டின் பின் சில வருடங்களுக்குள் ஏறக்குறைய முழுமையாக டீசலிலிருந்து வாயுவுக்கு மாற்றப்பட்டன. அந்நெருக்கமான தெருக்களிற் சுவாசிப்போர்க்கு அது நன்மையே. எங்கள் நாட்டிலும் 1990களின் நடுப்பகுதியிற் பெற்றோற் கார்களை வாயுவுக்கு மாற்றும் தொழில் கொழும்பிலே தோன்றி, சில காலம் நன்றாகவே நடந்தது.

தொழில்நுட்ப இடர்கள் சில உண்டு. ஒரு லீற்றர் திரவ வாயு, ஒரு லீற்றர் பெற்றோல் தரும் சக்தியில் ஏறத்தாழ முக்காற் பங்கையே தரும். டீசல் எந்திரத்தில் தீப்பொறிச் செருகி இல்லையாதலால், எங்கள் பஸ்களுக்கு எந்திரத்தையே மாற்றவோ பெரிதுந் திருத்தவோ வேண்டியிருக்கும். இவையெல்லாம் பணமும் உழைப்பும் தீர்க்கக்கூடிய சங்கதிகள். மனையியல் ஆசிரியையின் கேள்வி அத்தகையதன்று.

இலங்கையில் இப்பொருள் அடுப்பெரிக்கும் பொருளாகும். நாம் ‘காஸ்’ என்று அழைக்கும் சிலிண்டரில் இருப்பது புறொப்பேனும் பியூற்றேனும் கலந்த கலவை. அதிற் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் தருவது மிகச் சிறிதளவே. ஆகவே பஸ்ஸைப் புறொப்பேனுக்கு மாற்றுவதென்பது, டீசலுக்காக ஒரு கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு வாயுவுக்காக இன்னொரு கப்பலை எதிர்பார்ப்பதன்றி வேறில்லை. அதுமட்டுமன்று, இதுவரை தனித்தனியே நின்ற இரண்டு வரிசைகளை, சமையலறையின் வரிசையையும் தெருவின் வரிசையையும், ஒரே வாசலிற் கொண்டுபோய் நிறுத்துவதுமாகும். சில்லு சுழலும்போது அடுப்பு அணையுமாயின் எதனைத் தெரிவது? நகரங்களில், விறகு வைக்க இடமும் புகை போக வழியுமில்லாத மாடிக் குடியிருப்புகளிலே வாழ்வோர்க்கு இது வெறும் தருக்கப் பயிற்சியன்று. 2022ஆம் ஆண்டிலே சிலிண்டர்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டு வீதியோரமெங்கும் ஆட்களுக்குப் பதிலாக நின்றதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் இப்பொருளின் சந்தையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ‘எரிசக்திப் பாதுகாப்பு’ என்று மேடைகளிற் பேசப்படும் சொல்லின் உட்பொருள் அங்கேதான் தெரிகிறது. ஆசியச் சந்தையில் விற்கப்படும் புறொப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையே அளவுகோல். 2020 ஏப்ரலில், கொள்ளை நோயால் உலகம் முடங்கியிருந்தபோது, அவ்விலை தொன் ஒன்றுக்குப் புறொப்பேனுக்கு 230 டொலராகவும் பியூற்றேனுக்கு 240 டொலராகவும் இருந்தது. ஈராண்டு கழித்து, உக்கிரேன் போர் தொடங்கிய பின், 2022 ஏப்ரலில் அவை முறையே 940, 960 என்றாயின. இதே காலத்தில் ரூபாவும் சரிந்தது. 2021 ஒக்ரோபர்வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. யப்பானிலே குளிர் கடுமையானாலும் இவ்விலை ஏறும். சீனத்துத் தொழிற்சாலைகள் பிளாத்திக்கு மூலப்பொருளாகப் புறொப்பேனை மிகுதியாக வாங்கினாலும் ஏறும். வவுனியாவில் ஒரு பெண் உலை வைப்பதற்கும் அங்குள்ள ஒரு முதலாளி பிளாத்திக்கு வார்ப்பதற்கும் இடையே ஏலம் நடக்கிறது. ஏலத்திற் தானும் நிற்கிறாள் என்பது அப்பெண்ணுக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிவிக்கப்படாத செய்தி இன்னுமொன்று இருந்தது. பியூற்றேனைவிடப் புறொப்பேன் மிக எளிதில் ஆவியாகுவது. ஒன்று சுழியம் பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும். மற்றது சுழியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் புறொப்பேன் கூடினால் சிலிண்டருள் அமுக்கமும் கூடும். எங்களுடையது போன்ற வெப்ப நாடுகளிற் கலவையிற் பியூற்றேன் மிகுந்திருப்பது இதனாற்றான். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான வீடுகளில் வாயு கசிந்தும் தீப்பற்றியும் அடுப்புகள் வெடித்தும் விபத்துகள் நேர்ந்தன. சேர்மான விகிதம் மாறியமையே பிரதான காரணமென விசாரணைக் குழு கூறிற்று. பழைய குழாயும் பழைய அடுப்பும் வைத்திருந்த இல்லத்தரசிக்குத் தான் வாங்கிய பொருள் மாறிவிட்டது என்பதை அடுப்பே அறிவித்தது.

“இவையெல்லாம் அரசுடைமையானால் தீரும்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன். இன்றும் அதனைக் கைவிட்டேனல்லேன். ஆயினும் வரலாற்றை நேர்மையாக நோக்கவேண்டும். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ முதலிய கொம்பனிகளின் விநியோக நிலையங்கள் அடுத்தடுத்துப் பொறுப்பேற்கப்பட்டன. நட்டஈட்டைக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அவ்வச்சுறுத்தலுக்குப் பணியாது, சோவியத் எண்ணெயை மலிவாக வாங்கிய இச்சிறு நாட்டின் துணிவு மெய்யாகவே போற்றத்தக்கது. ஆனால் 1979இல் தனியார் பஸ்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. 1995இல் சமையல் வாயு வியாபாரம் ஐந்தாண்டு ஏகபோக உரிமையோடு அதே ஷெல் கொம்பனியின் கைக்குப் போயிற்று. 2010இல் அரசு அதனைத் திரும்ப விலை கொடுத்து வாங்கிற்று. போன கதவாலேயே வந்து, வந்த கதவாலேயே போன இக்கதையிற் பம்பின் உடைமையாளன் பலமுறை மாறினான். பம்பின் முன் யார் முதலில் நிற்பது என்னும் கேள்வியை மட்டும் எந்த உடைமையாளனும் மக்களோடு அமர்ந்து பேசித் தீர்க்கவில்லை. வராத பஸ் பொதுவுடைமையாயிருப்பதனால், காத்துநிற்பவனுக்கு யாது பயன்?

பங்கீட்டை முறையாகச் செய்த அனுபவம் எமக்கு இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த கூப்பன் முறை அது. அரிசிக் கூப்பன் வாயை எண்ணிற்று. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பங்கு. வளவுக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் வயிறு ஒன்றே என்னும் எளிய கணிதம் அதனுள் இருந்தது. அக்கணிதம் எவ்வளவு ஆழமாக மக்கள் மனத்திற் பதிந்திருந்தது என்பதற்கு 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதியின் ஹர்த்தாலே சான்று. கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்ட கூப்பன் அரிசி விலை ஒரு பிரதமரின் பதவியையே பறித்தது. பின்னர், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு யாழ்ப்பாணக் குடாநாடு தனித்துவிடப்பட்ட நாட்களிற் குடும்ப அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு சங்கக்கடை வாசலிற் சீனிக்கும் மாவுக்கும் நின்ற மாணவர்களுள் நானும் ஒருவன். அங்கும் எண்ணப்பட்டவை தலைகளே.

2022 யூலையில் வந்த தேசிய எரிபொருள் அட்டையோ வேறொன்றை எண்ணிற்று. வாகனம் ஒன்றே அதன் அலகு. வாகனத்தின் இலக்கத் தகட்டில் இறுதியாக நிற்கும் எண்ணே எந்நாளில் வரலாம் எனத் தீர்மானித்தது. தொடக்கத்திற் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40. பாதையில் ஓடும் பஸ்களுக்கு டிப்போக்களில் வேறாக வழங்க ஏற்பாடு இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. நாட்கணக்கில் நின்ற வரிசைகளை அம்முறை குறைத்ததும் உண்மை. வரிசையில் நின்றவாறே முதியவர்கள் சிலர் உயிர் துறந்த கொடுமைக்குப் பின் அதனை ஓர் ஆறுதலாகவே மக்கள் வரவேற்றனர். ஆனால் அவ்வட்டவணையைச் சற்று நின்று வாசியுங்கள். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் கார் பெரும்பாலும் ஒருவரையோ இருவரையோ சுமக்கும். லீற்றருக்கு நாலு கிலோமீற்றரே ஓடும் பஸ் ஐம்பது பேரைச் சுமக்கும். ஒரு லீற்றர் எரிபொருள் காரிற் பன்னிரண்டு அல்லது இருபத்துநாலு மனிதக் கிலோமீற்றர்களாகிறது, பஸ்ஸில் இருநூறாகிறது. கார் வைத்திருப்பவனுக்கு இருபது, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு நாலு, சைக்கிளும் இரண்டு கால்களும் மட்டும் வைத்திருப்பவனுக்குச் சுழியம். மிகுதியாக வைத்திருப்பவனுக்கு மிகுதியாகக் கொடுப்பதைச் சமபங்கு என்று எந்தக் கணித ஆசிரியரும் ஏற்கமாட்டார்.

“அவன் காசு கொடுத்துத்தானே வாங்குகிறான்?” என்பர். மெய், அவன் ரூபாவைக் கொடுத்தான். அந்நாளில் நாட்டில் இல்லாதிருந்தது ரூபாவன்று, டொலர். கப்பலுக்குக் கொடுத்த ஒவ்வொரு டொலரையும் ஈட்டியவர் யார்? மலையகத்திற் கொழுந்து பறித்தவள், சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடை தைத்தவள், வளைகுடா நாடுகளில் அயலார் வீட்டுத் தரையைத் துடைத்தவள். இவர்களுள் எத்தனை பேரின் வீட்டு முற்றத்தில் இலக்கத் தகடு பொருந்திய வண்டி நின்றது? அவர்களின் உழைப்பு அன்னியச் செலாவணியாகி, செலாவணி எரிபொருளாகி, எரிபொருள் இன்னொருவனின் காருக்குள் ஊற்றப்பட்டது. அட்டையில் அவர்களுடைய பெயருக்கு இடமே இருக்கவில்லை.

சந்தை விலைக்கே விட்டுவிடுவோம் என்பாரும் உளர். அதற்குரிய பரிசோதனையும் நடந்துவிட்டது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பழைய மலிவு விலை துஷ்பிரயோகத்துக்கு இடங்கொடுத்தது என்ற வாதத்தில் உண்மை உண்டு. மலிவான எண்ணெய் டீசலோடு கலக்கப்பட்டதை நாம் அறியாமலில்லை. ஆனால் கலந்தவன் தண்டிக்கப்படவில்லை. வெளியிணைப்பு எந்திரம் பூட்டிய சிறு வள்ளத்தில் விடியுமுன் கடலுக்குப் போகிறவனே தண்டிக்கப்பட்டான். விலை ஏறினால் வரிசை மறையும் என்பது மெய். வரிசையில் நின்றவர்களுட் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுவதால் மறைகிறது.

தமிழ் கற்பிப்பவன் ஆதலால் என் மனம் இவ்விடத்தில் மணிமேகலைக்குச் செல்கிறது. மணிபல்லவத்திற் கிடைத்த அமுதசுரபியை எல்லோரும் அறிவர். எங்கள் நயினாதீவே அத்தீவு என்று சொல்லிப் பெருமையும் கொள்வர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. குறையாத பாத்திரத்துக்குப் பங்கீட்டு நீதி தேவையில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. அள்ளிக் கொடுக்க வேண்டியதுதான் வேலை. ‘நாளை புறொப்பேன் வரும், நாளை மன்னார்க் கடலில் எண்ணெய் பொங்கும், எல்லோர்க்கும் எல்லாம் கிடைக்கும்’ என்று பேசுவோர் அமுதசுரபியை எதிர்பார்ப்பவர்களே. ஆனால் அப்பாத்திரத்தின் முதல் உடைமையாளனான ஆபுத்திரனின் கதையிற் பொருள் பொதிந்த பகுதி அதற்கு முந்தியது. பெற்ற தாயாலும் ஊராலும் கைவிடப்பட்ட அவ்விளைஞன் மதுரையின் வீதிகளில் வெறும் பிச்சைப் பாத்திரத்தோடு திரிந்தான். அப்பாத்திரம் குறைவது. வீடு வீடாக ஏற்றதைக் கொண்டுவந்து, கண்ணில்லாதாரையும் செவியில்லாதாரையும் முடவரையும் நோயாளரையும் நாதியற்றோரையும் அழைத்து முதலில் உண்ணச் செய்து, மிஞ்சியதைத் தான் உண்டு, பாத்திரத்தைத் தலைக்கணையாக்கி உறங்கினான். சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தது அதற்குப் பின்பே. குறையும் பாத்திரத்தைப் பங்கிடத் தெரிந்தவனுக்கே குறையாத பாத்திரம் கொடுக்கப்பட்டது. சாத்தனார் இதனை நினைத்துத்தான் கதையை இவ்வாறு அமைத்தாரோ, நான் அறியேன்.

ஆகவே என் விஞ்ஞான நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. புறொப்பேன் பஸ் ஓடட்டும். மின்சார பஸ் ஓடினால் இன்னும் நன்று, சூரியன் எங்களுக்குக் கப்பலில் வருவதில்லை. ஆனால் எந்த எரிபொருளாயினும், அது குறையும் நாளில் முதலில் அடுப்புக்கு, அடுத்து நோயாளியை ஏற்றும் வண்டிக்கு, அடுத்துப் பலரை ஏற்றும் பஸ்ஸுக்கும் உழுகின்ற, மீன் பிடிக்கின்ற எந்திரங்களுக்கும், மிஞ்சினால் தனியொருவனை ஏற்றும் காருக்கு என்ற வரிசையைப் பஞ்சம் வருமுன்னரே, வயிறு நிறைந்திருக்கும் நாளிலேயே, எழுதி வைக்கவேண்டும். கிணற்று முறையை மாரியிலே பேசவேண்டும். சித்திரையிற் பேசினால் பலமுள்ளவன் கயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

இதனை எழுத எனக்கு முழுத் தகுதி உண்டென்று நான் நினைக்கவில்லை. 2022 யூனில் அரச ஊழியர்க்கெனத் தனி வரிசையொன்று இருந்தது. நான் அதில் நின்றேன். மூன்று மணித்தியாலத்திற் பெற்றோல் கிடைத்தது. மறுபுறத்து வரிசையில் என் மாணவனொருவனின் தந்தை மண்ணெண்ணெய்க்கு வெறும் கலனோடு இரண்டாம் நாளாக நின்றார். என்னைக் கண்டதும் எழுந்து, “சேர், கிடைச்சிட்டுதோ?” என்று மகிழ்ச்சியோடுதான் கேட்டார். நான் தலையசைத்துவிட்டு வண்டியை முறுக்கினேன். பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தானே போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அக்கிழமைகளிற் கரையோரக் குடியிருப்பிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஐந்து பையன்களுக்குப் பஸ் இல்லை. ஐந்து மைல் நடை. என் வழியும் அதுவே. பின்னிருக்கையில் ஒருவனையே ஏற்றலாம் ஆகையால், அநியாயம் நேரக்கூடாது என்று அகர வரிசையிற் பெயரெழுதி, நாளுக்கு ஒருவர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மறுநாட் காலை சந்தியிற் காத்து நின்றவன் முதற்பெயர்க்காரனல்லன். ஒரு கால் சற்றுக் குட்டையான, ஆறாம் வகுப்புச் சிறுவன் நின்றான்.

“நீ நாலாவது ஆளெல்லோ?” என்றேன்.

“அண்ணாமார் சொல்லிப்போட்டினம் சேர், ஒவ்வொரு நாளும் நான்தான் ஏறுறதெண்டு.”

மற்ற நால்வரும் விடியமுன்னரே புறப்பட்டுவிட்டனர். பாதி வழியில் அவர்களைக் கடந்து சென்றோம். செருப்பைக் கையிற் பிடித்தபடி வேலியோரமாக நடந்துகொண்டிருந்தவர்கள், வண்டிச் சத்தங் கேட்டுத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள்.